வளைமூக்கன்களுக்கு நடுவே ஒன்று

அக்டோபர் 9

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றதில் கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டியவள், கடலோரச் சேற்றுவெளிக்குப் போனேன். வடக்கிலிருந்து வளைமூக்கன் பறவைகள் வந்துவிட்டன. வழக்கம்போல நண்டு பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு. நடுவே ஒன்று மட்டும் சின்னது. மூக்கு குட்டை, வளைவும் குறைவு. உடம்பில் இலவங்கப்பட்டை நிறம்.

சின்ன வளைமூக்கனா? அறுபது வருடமாக யாரும் நிச்சயமாகப் பார்க்காத பறவை. ஒரு காலத்தில் எங்கள் தென்கோடிப் புல்வெளிகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்ததாம். சுட்டுச் சுட்டே தீர்த்துவிட்டார்கள்.

எனக்குக் களைப்பு, அவ்வளவுதான். தூங்கினால் சரியாகிவிடும்.

அக்டோபர் 11

தூங்கியும் சரியாகவில்லை. இன்றும் அங்கேயே நிற்கிறது.

அக்டோபர் 12

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எர்சிலியா அக்கா வீட்டுக்குப் போனவள், ரவியோலித் தட்டுக்கு முன்னால் உளறிவிட்டேன். அக்கா புருஷன் டெல்ஃபோர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவனும் அவன் தம்பிகளும் அந்தச் சேற்றில் மட்டி பொறுக்கித்தான் பிழைக்கிறார்கள். அங்கேதான் கோதுமைக் கப்பல்களுக்குத் துறை கட்டப் போகிறார்கள். மனு, மறியல், ஊர்வலம் — ஒரு வருடமாக எல்லாம் செய்து ஓய்ந்துவிட்டோம். மிச்சமிருப்பது அடுத்த மாதக் கருத்துக்கேட்புக் கூட்டம் மட்டும்.

"அப்படியொரு பறவை இருந்தா கட்ட விட மாட்டாங்கல்ல?"

"இருந்தா. இன்னும் நிச்சயமாச் சொல்ல முடியாது."

"மச்சினி, இத்தனை வருஷமா அந்தச் சேத்துல அலையுறே. இப்பதான் உருப்படியா ஒண்ணைப் பாத்திருக்கே!"

அக்கா எழுந்து வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

அக்டோபர் 14

டெல்ஃபோர் உள்ளூர் வானொலியில் பேசிவிட்டான். "என் மச்சினி கண்ணால பாத்தா" என்று. இருமல் மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "இருக்கலாம்" என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எனக்கும் சத்தமாகச் சொல்லத் தெம்பில்லை.

அக்டோபர் 19

மழை. போகவில்லை.

அக்டோபர் 25

பருந்து ஒன்று தாழப் பறந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின, அந்தச் சின்னதும். தலைக்கு மேலே இறக்கையை விரித்தபோது படம் எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நீள இறகுகளின் அடியில் வரிவரியாகக் கோடுகள். சின்ன வளைமூக்கனுக்கு அந்தக் கோடு கிடையாது. போகும்போது கத்தியதும் சாதாரண வளைமூக்கனின் குரல்தான் — அடுக்கடுக்காகச் சிரிப்பது போல. இந்த வருடக் குஞ்சு. மூக்கு இன்னும் வளரவில்லை. இலவங்கப்பட்டை நிறம் சாயங்கால வெயில் பூசியது.

உலகத்தின் உச்சியிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்த குஞ்சு. அதன் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம்?

அக்டோபர் 28

வேறு யாருக்கும் தெரியாது. படத்தை அழித்துவிட்டால் முடிந்தது. நிபுணர் யாராவது வருவதற்குள் அது எங்கேயாவது போயிருக்கும். பொய் சொன்னது போலவும் ஆகாது, சொல்லாமல் விட்டது போலத்தான்... என்னடி செய்யப் போறே, சுல்மா? அக்கா குடும்பம் எங்க போகும்? அந்தக் கோடு என் கண்ணுல படாமலே இருந்திருக்கக் கூடாதா?

அழிக்கவில்லை.

அக்டோபர் 30

டெல்ஃபோரிடம் படத்தைக் காட்டினேன்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாயை மூடிக்கோ."

"கூட்டத்துல என்னைக் கேப்பாங்களே."

"கேட்டா ஆமான்னு சொல்லு. நாசமாப் போற கோடு! ரெக்கைக்கு அடியில இருக்கறதை எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே, டெல்ஃபோர்."

அக்கா துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 13

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். சாதாரண வளைமூக்கன், குஞ்சு. அதோடு, அந்தச் சேற்றை நம்பி வருகிற மற்றப் பறவைகளைப் பற்றியும் மட்டிக்காரர்களைப் பற்றியும் பேசினேன். அதிகாரிகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

டிசம்பர் 21

ஞாயிறு. இந்த வாரமும் அக்கா கூப்பிடவில்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

ஜனவரி 8

முடிவு வந்துவிட்டது. சேற்றுவெளியை இரண்டாகப் பிரிக்கும் ஓடைக்குத் தெற்கே துறை. வடக்கே கை வைக்க மாட்டார்களாம். பறவைக்காக இல்லை, மட்டிக்காரர்களுக்காகவும் இல்லை. அங்கே சேறு ஆழமாம், தூண் நிற்காதாம். டெல்ஃபோரின் தம்பிகள் துறை வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவன் கொடுக்கவில்லை.

நான் பொய் சொல்லியிருந்தால் சேறு முழுதும் தப்பித்திருக்குமா? தெரியாது. தினமும் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 22

வெயில் கொளுத்துகிறது. தெற்கே தூண் அடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. ஓடைக்கு வடக்கே போய் உட்கார்ந்திருந்தேன். முழங்கால்வரை சேற்றோடு டெல்ஃபோர் வந்து நின்றான்.

"அந்தக் கும்பலுக்கு நடுவுல வெளுத்து ஒண்ணு நிக்குதே, அது என்ன?"

பார்த்தேன். கானலில் எல்லாம் ஆடியது.

"தெரியல. ரொம்ப தூரம்."

"ஏதாவது ஒரு பேரைச் சொல்லேன்."

"தெரியாததுக்கு என்னன்னு பேர் சொல்ல?"

"சனியனே" என்றான். கூடையைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பைனாகுலருக்குக் கையை நீட்டினான். சேற்றுக் கை. கொடுத்தேன். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"எனக்கும்தான் தெரியல" என்றான்.