இடப்பக்கத்துக் கை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், நீ வரைந்த சோப்பு விளம்பரம்தான் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறதே. எங்கள் சோப்புக் கம்பெனி வாசல் சுவரிலும் ஒட்டினார்கள். வலப்பக்கம் மோதிரமும் சரிகையுமாக வழவழவென்று ஒரு கை, இடப்பக்கம் வெடித்துப்போய், சுண்டுவிரல் கோணிக்கொண்டு ஒரு கை, கீழே கொட்டை எழுத்தில் 'உங்கள் கை எந்த வீட்டுக் கை?' என்று. என்னோடு சோப்பு வெட்டும் மேசைப் பெண்கள் எல்லாரும் திரும்பி என் கையைத்தான் பார்த்தார்கள். "அக்கா, இது உங்க கைதானே, உங்க பையன் அச்சு அசலா வரைஞ்சிருக்கானே" என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. போன லீவில் வந்தபோது "அம்மா, கையை அப்படியே வை" என்று நீ வரைந்தாயே, பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு ஆசை என்று அடுப்பில் இருந்ததைக்கூட மறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த விரல் எதில் கோணியது என்று உனக்குத் தெரியாதா? சோப்புக் கட்டி அறுக்கும் கம்பியில். ஒரே கொப்பரையில் காய்ச்சுவதுதான், பாதியில் மஞ்சள் சாயம் கலந்தால் துணி சோப்பு, மீதியில் கொஞ்சம் ரோஜா வாசனை ஊற்றித் தங்கக் காகிதம் சுற்றினால் சீமான் வீட்டுச் சோப்பு. இதை உனக்குச் சொன்னதே நான்தான். 'பெரிய இடத்துப் பெண்களின் அழகு ரகசியம்' என்று அந்தத் தங்கக் காகிதச் சோப்புக்கு நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொப்பரைக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, "கடைக்காரங்க பார்க்க வர்றாங்கம்மா, இந்தக் கையோட முன்னாடி நிக்காதீங்க" என்று பின்பக்கம் கொப்பரை கழுவ அனுப்பிவிட்டார். அங்கே சோடாக்காரத் தண்ணீர், இருக்கிற தோலும் உரிகிறது. வேலையை விட்டுவிடு என்கிறாள் உன் தங்கை. நான் ஏன் விட வேண்டும்?

நீ அனுப்பிய பார்சல் வந்தது. தங்கக் காகிதத்தில் ஒரு டஜன், "தினமும் போடும்மா, கை பூ மாதிரி ஆயிடும்" என்று சீட்டு வேறு. பிள்ளையாடா நீ? அதைப் போட்டுத் தரைத்துணி துவைத்தேன். நன்றாகவே நுரைக்கிறது, நாங்கள் காய்ச்சியதாயிற்றே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் உன் முதலாளியிடம் சொல்லி அந்தப் படத்தை எடுக்கவைக்கும்வரை வீட்டுப்பக்கம் வராதே. வந்தால் உனக்குச் சோறு இந்தக் கைதான் போட வேண்டும்.

இப்படிக்கு,
இடப்பக்கத்துக் கைக்காரி,
உன் அம்மா