நார்வே கட்டும் ஸ்வீடன் கட்டும்

ஆம்பூர்,
14-8-1934

அன்புள்ள அத்தானுக்கு, அமிர்தவள்ளி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அத்தையும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி கம்மி, கோபம்தான் ஜாஸ்தி. பட்டணத்தில் உங்களுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னார்கள்.

போன கடிதத்தில் அவசரத்தில் பாதிதான் எழுதினேன். நடந்தது இதுதான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அம்மாள் என் ஐந்தாம் வகுப்புக்கு வந்து, நம் பட்டணத்துத் துறைமுகத்துக்கு அதிகக் காகிதமும் அட்டையும் அனுப்பும் நாடு எது என்று கேட்டார். தோல் மண்டி ஹபீப் சாயபுவின் மகள் ஜஹீருன்னிசா எழுந்து, “ஸ்வீடன்” என்றாள். புத்தகத்தில் இருப்பது நார்வே. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, “எங்க டீச்சர் வூட்டுக்காரரு காயிதக் கிடங்குல கிளார்க்கு. அவரே எண்ணிப் பார்த்துச் சொன்னாராம்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்! வகுப்பே சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை. “வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் பூகோளமா?” என்றார். இரண்டு வாரத்துக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு வராவிட்டால் வேலை போய்விடும் என்று உங்களுக்கு எழுதிவிட்டுப் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். பதில் இல்லை. பதிமூன்றாம் நாள் தபால்காரர் தடித்த உறையைக் கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிடங்கிலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷத்துப் பழைய பதிவேடுகளைப் புரட்டி, வருஷவாரியாக நார்வே கட்டு இத்தனை, ஸ்வீடன் கட்டு இத்தனை என்று எழுதியிருந்தீர்கள். அட்டைக்குத் தனிப் பத்தி வேறு.

அதைப் பெரிய தாளில் படமாகப் போட்டேன். நார்வேக்கு நீலக் கோடு, ஸ்வீடனுக்குச் சிவப்பு. முதலில் நீலம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. சிவப்பு மெல்ல மெல்ல ஏறி, இருபத்தெட்டாம் வருஷத்தில் அதைத் தொட்டு, அப்புறம் தாண்டிப் போய்விடுகிறது. நேற்று மறுபடி வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “புத்தகம் அச்சான வருஷத்துக்கு நார்வே சரி. இந்த வருஷத்துக்கு இந்தப் பெண் சொன்னது சரி” என்றார். படத்தைச் சுவரிலேயே மாட்டிவைக்கச் சொன்னார். ஜஹீருன்னிசா விடவில்லை. “அடுத்த வருசம் கோடு மாறிட்டா இன்னா டீச்சர் பண்றது?” என்றாள். இந்தத் தடவை அம்மாளும் சிரித்துவிட்டார்.

அத்தான், சித்திரையில் நீங்கள், “வேலையை விட்டுட்டு எங்கூட வா” என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினீர்கள். அதிலிருந்து உங்கள் கடிதமெல்லாம் நாலே வரி. இந்தத் தடவை பேசாமல் இருந்திருந்தால் போதும், என் வேலை போயிருக்கும், நானும் பெட்டியோடு பட்டணம் வந்திருப்பேன். அது உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துமா இரண்டு ஞாயிறு தூசியில் உட்கார்ந்தீர்கள்? அந்தத் தாளைப் படித்துவிட்டு நான் அழுததை அத்தை பார்த்துவிட்டார்கள். வெங்காயம் என்றேன்.

ஹபீப் சாயபு தன் மண்டிக்கு இங்கிலீஷ் தெரிந்த கிளார்க் தேடுகிறாராம். உங்களை வரச்சொல்லி எழுதவில்லை, ஊர்ச் செய்தியாக எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை நீங்கள் வருவதாக அத்தையிடம் நானாகவே சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
அமிர்தவள்ளி