விருந்தாளிக்குப் பறித்த கொழுந்து

சென்ற வாரம் ஓர் அழைப்பிதழ் பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தது. தடித்த தாள். அச்சு மை இன்னும் மணந்துகொண்டிருந்தது. கண்டியில் ஒரு பிரசங்கம். மனோதத்துவ சாஸ்திரம் வியாபாரத்துக்கும் தொழில் நிர்வாகத்துக்கும் எப்படி உதவும் என்பது பொருள். படித்து முடித்ததும் உம்முடைய நினைவு வந்தது, நண்பரே. போவதில்லை என்று அதைக் கவிழ்த்து வைத்தேன். மாலையில் போனேன்.

முன்வரிசையில் தோட்டத் துரைமார் இருந்தார்கள். பின்னால் வங்கிக்காரர்கள், கம்பளையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் வந்த கடை முதலாளிகள். பேசியவர் சீமையில் படித்த இளைஞர், நன்றாகவே பேசினார். தொழிலாளியை அதட்டி வேலை வாங்கிய காலம் போய்விட்டது என்றார். அவனருகே போய் நில்லுங்கள், எது சிரமம் என்று கேளுங்கள், தன்னையும் ஒருவர் கேட்கிறார் என்ற எண்ணமே அவன் கையை வேகப்படுத்தும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதைக் கலஹா மலையில் நீரும் நானும் பார்த்தோமே.

கலஹாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நீர் கிளாக்கராக இருந்தீர். யாழ்ப்பாணத்துக்காரரான நீர் என்னை 'நீர்' என்று அழைத்ததில், கம்பளைக் கடைத்தெருவில் பிறந்த எனக்கும் அந்த வழக்கம் தொற்றிக்கொண்டது. மாதம் ஒருமுறையாவது நான் செய்தி தேடி மலையேறுவேன். உம்முடைய வரவேற்பு எப்போதும் ஒன்றுதான்.

"வாரும் காணும், கண்டியில பொய்க்குத் தட்டுப்பாடோ? இஞ்ச மட்டும் ஏறி வந்திட்டீர்!"

அப்படி ஒருமுறை நான் வந்தபோதுதான் அந்த வெள்ளைக்காரரும் வந்து தங்கியிருந்தார். வேலை செய்யும் மனிதர் எப்போது களைக்கிறார், ஏன் களைக்கிறார் என்று ஆராய்வது அவர் தொழில். சீமையில் தொழிற்சாலைகளில் ஆராய்ந்ததைத் தோட்டத்திலும் செய்துபார்க்கக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. பெரிய துரை உம்மை மொழிபெயர்ப்பாளராக்கினார். கொழுந்து பறிக்கும் பெண்கள் அவருக்குக் 'கேள்வித்தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் தேயிலை நிரைகளுக்கு நடுவே நான் உங்கள் இருவர் பின்னால் வந்தேன்.

"கிளாக்கரையா, இந்தக் கேள்வித்தொரை எதுக்குங்க வந்திருக்காரு?" என்று கேட்டவள் பேச்சியம்மா. கைக்குழந்தைக்காரி, வாய்த்துடுக்குக்காரி.

"உங்களுக்கு என்ன கஷ்டமெண்டு கேக்க வந்திருக்கிறார்."

"கஷ்டத்தக் கேக்கவா? அதுக்குச் சீமையில இருந்து கப்பலேறி ஒரு ஆளா?"

"நம்ம கங்காணி லயத்துலயே குடியிருக்காரு, அவரு கேக்குறாரா பாரு," என்றாள் பக்கத்து நிரைக்காரி. மலை முழுக்கச் சிரிப்பு. என்ன சொன்னார்கள் என்று வெள்ளைக்காரர் கேட்டார். அவரை வரவேற்கிறார்கள் என்று மொழிபெயர்த்தீர்.

பிறகு பேச்சியம்மா சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "அவருகிட்டச் சொல்லுங்கய்யா. புள்ளைங்கள விட்டுட்டு வர்ற புள்ளக் காம்பரா கீழ லயத்துக்கிட்ட இருக்கு. மேமலையில நிக்கிறவளுக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்செல்லாம் வலிக்குது. எறங்கி ஏறுறதுக்குள்ள நேரம் போயிருது, கங்காணி ஏசுறாரு. இங்கனயே ஒரு கொட்டா போட்டுக் குடுத்தா, பாலக் குடுத்துட்டு ஓடியாந்துருவோம்."

ஒரு சொல் விடாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னீர். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். கொட்டகைக்காக அந்தப் பெண்கள் பல தடவை கங்காணியிடம் மன்றாடியிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றிக் கேட்டவர் அதுவரை யாருமில்லை.

மறுநாள் அவர்கள் பறித்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விரல்கள் கொழுந்தில் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. காரணத்தைப் பேச்சியம்மாவே உம்மிடம் சொன்னாள். "நம்ம மலைக்கு வந்த விருந்தாளிங்க. நாம நல்லாச் செஞ்சு காட்டினாத்தான நமக்காகப் பேச அவருக்கு வாய் வரும்?" வேலையில் குறை வைத்துவிட்டு வரம் கேட்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. சாமியிடமும் அப்படித்தான், துரையிடமும் அப்படித்தான்.

இன்னொன்றும் நடந்தது. கூடை நிறைந்த பெண்கள் போகிற போக்கில் ஒரு கைப்பிடிக் கொழுந்தைப் பால்கொடுக்கும் தாய்மாரின் கூடைகளில் போட்டுவிட்டுப் போனார்கள். இது புதிதல்ல. அக்காளும் தங்கையும், நாத்தனாரும் மதினியும் பக்கத்து நிரைகளைக் கேட்டு வாங்குவதே இதற்காகத்தான். அன்றைக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டார்கள். வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் காணவில்லை, நீர் கண்டீர். அவருக்குச் சொன்னால் கங்காணிக்கும் கேட்கும் என்று பேசாமல் நின்றீர். உமது இடத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

புறப்படும் நாளில் அவருக்குக் கருப்பட்டித் துண்டோடு சாயத்தண்ணி, பாலில்லாத வெறுந்தேநீர், கொடுத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி வணங்கிவிட்டுப் போனார். துரையிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுத்தான் போனார். தாய்மாருக்கு மேல்மலையில் ஒரு கொட்டகை வேண்டும் என்பது ஒன்று. இந்தப் பெண்களால், பிள்ளை பெற்ற தாய்மாராலும்கூட, இப்போது பறிப்பதைவிட அதிகம் பறிக்க முடியும் என்பது மற்றது. துரை இரண்டாவதை எடுத்துக்கொண்டார். கொட்டகைக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் காலைப் பிரட்டில் எல்லோரும் கூடி நின்றபோது கங்காணி அறிவித்தார்: நாள் நிறை, ஒருத்தி ஒரு நாளில் பறிக்கவேண்டிய அளவு, நாலு இறாத்தல் கூட்டப்பட்டிருக்கிறது. அந்த நிறை வராதவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

நீர் துரையிடம் போனீர். திரும்பி வந்து கதிரையில் விழுந்தவாறே எனக்குச் சொன்னீர். "விருந்தாளிக்கு எண்டு பறிச்சவையள் ஐயா, அது நாளாந்தக் கைவேகமில்லை எண்டன். அந்தாள் என்ன கேட்டது தெரியுமோ? வந்தவனுக்குப் பறிக்க ஏலுமெண்டால், சம்பளம் குடுக்கிற எனக்கு ஏன் ஏலாது எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"அதுக்கு மறுமொழி இருந்தால் நான் ஏன் காணும் கிளாக்கராய் இருக்கிறன்?"

கீழே ஓடிப் பாலூட்டிவிட்டு ஏறிவரும் தாய்மாருக்கு அரைப்பேர் விழத் தொடங்கியது. முதலில் விழுந்தது பேச்சியம்மாவுக்கு. புதிய நிறையைத் தாமே எட்டத் திணறிய பெண்களிடம் அவளுக்குப் போடக் கைப்பிடி மிஞ்சவில்லை. அப்போதுதான் நீர் இரண்டாம் தடவை துரையிடம் போய், மறைத்து வைத்ததையும் சொன்னீர். தாய்மாரின் கூடையில் அன்று இருந்தது அவர்கள் மட்டும் பறித்த கொழுந்தல்ல, அந்த ஆராய்ச்சி பிழையென்று விளக்கினீர். துரை கவனமாகக் கேட்டாராம். உமக்கு நன்றியும் சொன்னாராம். நிறை குறையவில்லை. மறுநாள் முதல் சொந்தக்காரப் பெண்கள் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

பேச்சியம்மாவின் புருஷன் தோட்டப் பதிவில் இரண்டு பேருடைய பேரையும் வெட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாவலப்பிட்டிப் பக்கம் போனான். போகும்போது அவள் உம்முடைய அலுவலக வாசலில் வந்து நின்றாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்து எழுந்தீர். "நீங்க என்னங்கய்யா செய்வீங்க. பறிச்சுக் காட்டுனது நாங்கதான?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை என்னிடம் சொன்ன அன்று நீர் சாப்பிடவில்லை.

நான் எழுதினேன். தோட்டத்தின் பெயரில்லாமல், நடந்ததை நடந்தபடி. தைல விளம்பரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவே வந்தது. யாரும் மறுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. "நல்லாய் எழுதியிருக்கிறீர். துரைக்கு வாசிச்சுக் காட்டினனான். தமிழ் இனிமையான பாஷை எண்டார்," என்றீர். நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அந்த ஆராய்ச்சிக்காரர் மீது உமக்குக் கடைசிவரை கோபம் வரவில்லை. "நல்ல மனிசன் காணும். கேட்டவர் கப்பலேறிப் போட்டார். சொன்னவையள் நிரையில நிக்கினம்." தேயிலை விலை விழுந்தபோது சம்பளத்தைக் குறைத்தார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். அந்த நாலு இறாத்தலைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. விலை மறுபடி ஏறியது. கொட்டகையும் வரவில்லை.

பிறகு மலேரியா உம்மைப் பிடித்தது. கண்டி ஆஸ்பத்திரியில் நான் கடைசியாக உம்மைப் பார்த்தபோது உதடு வெடித்திருந்தது. வீட்டைக் கேட்பீர், ஊரைக் கேட்பீர் என்று நினைத்தேன்.

"மேல்மலையில இப்ப எத்தினை இறாத்தல்?"

"அதே நிறைதான்."

"குறைக்கேல்லையோ?"

"இல்லை."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர். உம்முடைய தம்பிமார் வந்து உம்மை யாழ்ப்பாணத்து ரயிலில் கொண்டுபோனார்கள்.

பிரசங்கத்தைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, நேற்றுப் பேராதனையில் பஸ் பிடித்துக் கலஹாவுக்குப் போனேன். மலைக்கும் ஏறினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற முகங்களில் ஒன்றும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. ஓர் இளம்பெண் கூடையை இறக்கிவிட்டுத் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாள் நிறை எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். எப்போதிருந்து என்று கேட்டேன்.

"எப்பவுமே அதுதாங்க. தேயிலை வச்ச நாள்ல இருந்தே."

"இல்லையம்மா. முன்பு நாலு இறாத்தல் குறைவு. எனக்குத் தெரியும்."

அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டியாடி? அந்தக் காலத்துப் பொம்பளைங்க இன்னும் ஜாஸ்தியாப் பறிச்சாங்க, நீங்கதான் சோம்பேறிங்கன்னு கங்காணி ஏசுறாரு. இந்த ஐயா என்னடான்னா கொறச்சுச் சொல்றாரு!" பிறகு, வயதானவனைப் புண்படுத்திவிட்டோமோ என்று நினைத்தவள்போல, "வெயிலுக்கு ஒதுங்கி நில்லுங்கய்யா," என்றாள்.

ஒதுங்கி நின்றேன். பேச்சியம்மா இப்போது எந்த மலையில் இருக்கிறாள், இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. நீர் உயிரோடு இல்லை. அந்த மலையின் பழைய நிறை இன்னதென்று சொல்லக்கூடியவன் இப்போது நான் ஒருவன். சொன்னேன், அவர்கள் நம்பவில்லை. இனி அது என்னிடம் இருக்கும், நான் இருக்கும்வரை.