அறுபதைத் தாண்டியோர் பிரிவு

மார்ச் 4

அன்புள்ள கணக்கு,

ஆணழகன் போட்டியில் எடுத்த படம் வந்து சேர்ந்தது. கோப்பையோடு நன்றாக இருக்கிறாய். இரண்டாமிடத்தில் பாதி முகம் மறைந்து நிற்பவன் நான்தான். முப்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நான் விளையாட்டு வாத்தியாராக மைதானத்தில் கருகினேன். நீ விளையாட்டு விழாவுக்கே குடை பிடித்து வந்த கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு ஜிம்முக்குப் போய், இரண்டே வருடத்தில் என்னை முந்திவிட்டாய். என் வீட்டுக்காரி படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குத் தோளு என்னமா இருக்கு! நீங்க விசில் ஊதுனதோட சரி" என்கிறாள். அப்படி என்னதான் சாப்பிடுகிறாய்? மறைக்காமல் எழுது.

உன்,
விசில்

மார்ச் 15

அன்புள்ள விசில்,

தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல். ரகசியம் ஒன்றுமில்லை. எட்டு முட்டை வெள்ளைக்கரு, ஒன்பது மணிக்குத் தூக்கம். மனசில் புகைச்சல் இல்லாதவனுக்கு உடம்பு தானாக ஏறும். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
கணக்கு

மே 28

அன்புள்ள விசில்,

இரண்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை. புகைச்சல் என்று எழுதியது சுட்டுவிட்டதா? சரி, உண்மையைச் சொல்கிறேன். முட்டை மட்டுமில்லை. ஜிம் மாஸ்டர் வாரம் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார். முதல் மாதமே மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன். அறுபத்து மூன்று வயதில் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறேன். ரத்தம் கெட்டியாகிவிட்டது, பிரஷர் ஏறிவிட்டது என்று டாக்டர் திட்டினார். அடுத்த போட்டி முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இந்த முறை முதல் மூன்று பேருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டாம். நீ சுத்தமானவன். இரண்டு சின்ன பாட்டிலில் கொண்டுவா. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. சிரிக்காதே. இதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

உன்,
கணக்கு

ஜூன் 9

அன்புள்ள கணக்கு,

சிரித்தேன். பிறகு இரண்டு பாட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

உன் முட்டைக் கதையை நான் நம்பவில்லை. மார்ச் மாதமே இங்குள்ள ஜிம்மில் விசாரித்து, நானும் ஊசி போட ஆரம்பித்துவிட்டேன். பத்து வாரம் ஆகிறது. என் பாட்டிலை உன்னிடம் கொடுத்திருந்தால் நீ எல்லார் முன்னாலும் மாட்டியிருப்பாய். கடைசி நேரத்தில் பெயரை விலக்கிக்கொண்டு, கீழே உட்கார்ந்து அதைப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன். இரண்டு நாள் அதையே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பரீட்சையில் காப்பியடிக்கிற பையன் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்து எழுதுவானே, அந்தக் கதைதான். உன் தோள் வருமுன் உன் பிரஷர் எனக்கு வந்துவிட்டது. கால் வீங்குகிறது. இதயத்தின் சுவர் தடித்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. "இந்த வயசுல யாருக்கு சார் காட்டப் போறீங்க?" என்றார் டாக்டர். உன் பெயரையா சொல்ல முடியும்? அவர் சொற்படி ஊசியை நிறுத்துகிறேன். போட்டிக்கு வரவில்லை. நீயும் போகாதே.

உன்,
விசில்

ஜூன் 30

அன்புள்ள விசில்,

போனேன். மருமகனிடம் கெஞ்சி ஒரு பாட்டில் வாங்கினேன். எந்த மாமனாரும் கேட்கக் கூடாத உதவி. முதல் பரிசும் கிடைத்தது. இரண்டாவதாக வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். "பிரமாதமா இருக்கீங்கண்ணே" என்று மனதாரக் கை கொடுத்தார். முகத்தில் துளி எரிச்சல் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நீ பார்க்க வேண்டும், பார்த்துப் புழுங்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன்! மேடையிலிருந்து இறங்கும்போது மூச்சு முட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தபால்காரர்தான் தூக்கிவிட்டார்.

நடந்ததையெல்லாம் எழுதி, கோப்பையை அவருக்கே கொடுக்கச் சொல்லி, போட்டி நடத்தியவர்களுக்கு நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் டாக்டரிடம் எனக்கும் ஒரு நாள் கேட்டு வை, வருகிறேன். ஸ்கேனில் என் சுவர் உன்னுடையதைவிடத் தடிமனாக இருந்தால், அதற்கும் வயிறெரியாதே.

உன்,
கணக்கு