காலடியில் கிடந்த மிதவை

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம் என்று முதல் வரியில் எழுதச் சொன்னாள் அம்மா. அப்பாவோடு படகில் வரும் நெட்டையண்ணனின் கணுக்கால் தவிர எல்லாரும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

அம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன். புது மீன்கூடுகள் கடலோடு போய்விட்டன. அதனால் நீ இப்போது வர வேண்டாம், அங்கே வேலை ஒப்பந்தத்தை இன்னொரு தடவை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிடு என்கிறாள். அதைச் சொல்லும்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி வருவது நானாக எழுதுவது. அவளுக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை.

நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய, மீன் பிடிக்கும் அந்தக் கம்பிக் கூடுகளை அப்பா ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தார். எல்லாக் கூடும் இறங்கிய பிறகு, கயிற்றின் கடைசி நுனியில் மிதவையைக் கட்டிக் கடலில் விடவேண்டும். கூடுகள் கிடக்கும் இடத்துக்கு அந்த மிதவைதான் அடையாளம். நீ போனதும் பள்ளிக்கூடத்தை விட்டு உன் இடத்தில் படகு ஏறினேனே, அன்றிலிருந்து மிதவை கட்டுவது என் வேலை.

அன்றைக்கு நீரோட்டம் பலமாக இருந்தது. கடைசிக் கூடும் இறங்கிவிட்டது, மிச்சக் கயிறுதான் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையண்ணன் வழக்கம்போல் அப்பாவை ஏதோ கிண்டல் செய்துகொண்டே கயிற்று வளையத்துக்குள் காலை வைத்துவிட்டார். கயிறு கணுக்காலில் இறுகி அவரைப் படகு விளிம்புவரை இழுத்துப் போய்விட்டது. அப்பா அவரை அக்குளோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வெட்டு" என்றார். வெட்டினேன். அறுந்த கயிறு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போய்விட்டது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாதாளக் கரண்டி போட்டுத் தேடினோம். ஒரு பழைய வலைத்துண்டும் ஒற்றைச் செருப்பும் வந்தன. கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கும் நெட்டையண்ணன் அதைக் கேள்விப்பட்டு, தனக்கு இப்போது ஒரு கால் செருப்பு போதும், அது எந்தக் கால் என்று விசாரித்தாராம். அவர் மனைவி வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாயில்லாப் பூச்சி என்று நினைத்த பெண் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மிதவை என் காலடியில்தான் கிடந்தது, அண்ணா. அதன் குட்டைக் கயிறும் அதோடுதான் இருந்தது. இழுபடும் கயிற்றின்மேல் சுற்றிப் போடும் முடிச்சை நீதான் கட்டில் காலில் கட்டிக் காட்டிக் கொடுத்தாய். அங்கே லாரிச் சரக்கையெல்லாம் பெல்ட் போட்டுத்தான் இறுக்குகிறார்கள், முடிச்சு போட்ட விரல் சும்மா இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. என் விரல் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். கட்டிவிட்டு வெட்டியிருந்தால் கூடுகள் இன்று நம்மிடம் இருக்கும்.

அதற்கெல்லாம் நேரமே இல்லை என்கிறார் அப்பா. கேட்பவர்களிடமும் அப்படித்தான் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் நான் மிதவையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன். அது அவருக்குத் தெரியாது.

கூடுகள் இறங்கி இந்தப் பருவம் முடிந்ததும் நீ வந்துவிடுவாய் என்றிருந்தோம். நீ வந்ததும் நான் கரையில் இறங்கி ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகவேண்டும், நாலு பேரோடு பேசிப் பழகவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். படகில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அங்கே நான் எதற்கும் பயப்படுவதில்லை. கயிறு முங்கினதும் எனக்கு முதலில் தோன்றியது, அண்ணன் இனி வர மாட்டான் என்பதுதான். அப்போது என் மனசு லேசானது. ஒரே ஒரு கணம்தான். அதற்காகத்தான் மிதவையை விட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீ அங்கே எத்தனை பேரோடு ஓர் அறையில் படுத்திருக்கிறாய் என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

நேற்று ஐஸ் கம்பெனிக்குப் போனேன். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. முதல் தடவை கேட்டபோது குரல் வரவில்லை, முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்ப ஒருதடவை கேட்டேன். நெட்டையண்ணன் காலை ஊன்றி நடக்கும்வரை அப்பாவோடு கடலுக்குப் போய்வருகிறேன், அதற்குப் பிறகு வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார்.

பழைய கூடுகள் கொஞ்சம் இருக்கின்றன. கம்பி விட்டுப்போன இடங்களை நானும் அம்மாவும் கட்டிக்கொண்டிருக்கிறோம். வெட்டுப்பட்ட கயிற்றின் மிச்சம் பிரிந்துபோகாமல் நுனியில் நூல் சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் கயிற்றை விட்டால் மூன்றாவதாக ஒருவர் நுனியைப் பிடிக்கவேண்டும். அந்த இடம் உன்னுடையது.

அம்மா சொன்னபடி கையெழுத்துப் போட்டுவிடாதே, அண்ணா. வந்துவிடு.

உன் தங்கை