நூற்றுக்கு நூறு வாங்கிய கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரை போடுகிறாளா?

போன வாரம் மனிதவள மேலாண்மை வகுப்பில் ஒரு வேடிக்கை. இருபது வருஷம் உழைத்த ஒருவரை வேலையை விட்டு அனுப்பக் கடிதம் எழுதச் சொன்னார்கள். பாடத்தில் இதற்கு ஆட்குறைப்பு உத்தி என்று பெயர். மில்லிலிருந்து உங்களுக்கு வந்த கடிதத்தை வரி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்.

"மனசு நோகாம அனுப்புறதுன்னா இதுதான்" என்று பேராசிரியர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நூற்றுக்கு நூறு. அன்று அதைப் படித்துவிட்டு நீங்கள் மூன்று நாள் சாப்பிடாததை நான் சொல்லவில்லை.

இங்கே குளிர். உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாயிற்று. பீரோவில் வைத்திருக்கும் அந்தக் கடிதத்தை இனிமேலாவது கிழித்துப் போடுங்கள். எனக்கு மனப்பாடம்.

உங்கள் மகள்