என் கண்கள் கேட்ட ஏலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியம் எப்படி என்று தொடங்கி, வெயிலையும் மழையையும் பற்றி நாலு வரி எழுதி உறையை ஒட்டிவிடுவது என் வழக்கம். இந்த முறை பேனா அப்படி ஓட மறுக்கிறது. உன் கடிதம் முந்தாநாள் வந்தது. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அப்பா, இன்னும் என் மேல கோபமா?" என்று நேராகவே கேட்டதாக எழுதியிருக்கிறாய். அதற்கு அவர், "ஆமாம்மா, ஆமாம்மா, உடம்பப் பாத்துக்கோ, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருடமாகப் பேசிப் பார்த்துவிட்டேன், இனி பேசப் போவதில்லை, மாதக் கடைசியில் வருவதற்கு வாங்கிய விமானச் சீட்டையும் ரத்து செய்யப் போகிறேன் என்று முடித்திருக்கிறாய்.

ரத்து செய்யாதே. மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் வரிசையாகச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அதெல்லாம் உன் அப்பாவின் வேலை. கொஞ்சம் பொறுமையாகப் படி.

அப்பா ஏலம் விடும் கூடம் நீ விட்டுப் போனது போலத்தான் இருக்கிறது. கூரைக் கண்ணாடியில் இரண்டு மூன்றை மட்டும் மாற்றினார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் அதன் வழியாக இறங்கி, விற்பனைக்கு நிற்கும் நிலைக்கண்ணாடிகளில் விழும்போது, எது வாசல், எது கண்ணாடிக்குள் தெரியும் வாசல் என்று எனக்கு இன்றைக்கும் குழம்புகிறது. யாரோ சாப்பிட்ட மேசை, அதன் மேல் யாரோ ஊர் ஊராகத் தூக்கிப் போன தோல்பெட்டி, பெட்டியின் மேல் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் ஒரு பொம்மை. ஏல நாளன்று எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுத்து ஓடவிடும் வழக்கமும் அப்படியே. மணியை மட்டும் யாரும் திருத்துவதில்லை. ஒன்றில் காலை ஆறு மணி, பக்கத்திலேயே மாலை நாலரை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் எனக்கு என்ன வயது என்பதே மறந்துபோகும். ஒரு நாள் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்துவிட்டேன்.

உன் அப்பா ஏலத்துக்கு முன்னால் ஒவ்வொரு கடிகாரத்தின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், ஞாபகம் இருக்கிறதா? குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருக்கு என்று நீ கேலி செய்வாய். கடிகாரம் ஓடுகிறதா என்று அவருக்குக் காதால் தெரியவில்லை கண்ணு. அதனால்தான் கையால் பார்த்தார்.

ஆமாம். அப்பாவுக்குக் காது கேட்காது. நீ இங்கே இருக்கும்போதே பாதி போய்விட்டது. இப்போது அநேகமாக முழுதும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். காது மருத்துவர், நரம்பே சோர்ந்துவிட்டது, கருவி மாட்டினாலும் இரைச்சல்தான் பெரிதாகும் என்று கைவிரித்துவிட்டார். உன் அப்பா வாசலுக்கு வந்ததும் முதலில் சொன்னது, "இது வெளிய தெரிஞ்சா மேடையில யாரு என்னை நிக்க விடுவாங்க?" என்பதுதான். இரண்டாவதாகச் சொன்னது, "பாப்பாவுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்பது.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. நீ நாலு வருடம் அவர் பக்கத்தில் சின்ன மேசை போட்டு ஏலக் கணக்கு எழுதினாய் அல்லவா? கூட்டத்திலிருந்து யார் என்ன விலை கேட்டாலும் நீ கொட்டை எழுத்தில் எழுதுவாய். அவர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு எவ்வளவு கூர்மையான காது என்று நீயே பெருமையடித்துக்கொண்டாய். அந்தக் காது நீதான். உனக்கே தெரியாமல் நாலு வருடம் அவருக்குக் காதாக இருந்தாய். வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்று நீ வந்து நின்ற அன்று அவர் கத்திய கத்தலை நான் மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்றுகூடச் சொன்னார். நான் அப்போது அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அது கோபம் இல்லை, பயம். பயந்தால் கத்துவது உன் அப்பாவின் குடும்பத்திலேயே உள்ள வியாதி.

உன் இடத்துக்கு வந்த பையன் தங்கமானவன், ஆனால் இடது கைக்காரன். எழுதும்போது அவன் முழங்கையே தாளை மறைத்துவிடும். உன் அப்பா எட்டிப் பார்க்க, அவன் தன் எழுத்தில் ஏதோ பிழை என்று பயந்து இன்னும் மறைக்க, முதல் வாரமே ஒரு பீங்கான் ஜாடி தப்பான ஆளுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நான் மூன்றாவது வரிசைக்கு வந்தேன். இந்த வயசுல உனக்கு ஏலத்துல என்னம்மா ஆசை என்று நீ ஒரு முறை கேட்டாயே, ஆசையும் இல்லை ஒன்றும் இல்லை. கைக்குட்டை என் வலது கையில் இருந்தால் வலப்பக்கம் யாரோ விலை ஏற்றுகிறார். இடது கைக்கு மாறினால் இடப்பக்கம். மடியில் விழுந்தால் ஆள் இல்லை, சுத்தியலைப் போடலாம். எவ்வளவு ஏற்றுவது என்பது எப்போதும் அவர் முடிவுதான். ஆறு வருடமாக இப்படித்தான் ஏலம் நடக்கிறது. இருமல் வந்தாலும் கையை அசைக்காமல் இருமப் பழகிக்கொண்டேன்.

நேற்று சொதப்பிவிட்டேன்.

உன் கடிதம் கைப்பையில் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. நேற்று வந்த பொருட்களில் ஒரு இசைப்பெட்டி. கைக்கு அடக்கமான மரப்பெட்டி, மூடியில் தேய்ந்துபோன ஒரு பறவை. உள்ளே சீப்பு மாதிரி இருக்கும் இரும்புத் தகட்டில் சில பற்கள் உடைந்து போயிருக்கின்றன என்று அட்டவணையிலேயே போட்டிருந்தார்கள். சிப்பந்தி மூடியைத் திறந்தார். பாட்டு கிளம்பியது. நாலு சுரம் வரும், அப்புறம் ஒரு வெற்றிடம், மறுபடி இரண்டு சுரம். பல் இல்லாத இடத்தில் பாட்டு சும்மா நின்றுவிட்டுப் போனது. யார் பாட்டு, என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. கூடம் முழுக்க மூச்சுவிடாமல் கேட்டது. தூசி கூட வெளிச்சத்தில் அப்படியே நின்ற மாதிரி இருந்தது. மேடையில் உன் அப்பா மட்டும் பாட்டு முடிந்ததா என்று தெரியாமல் சிப்பந்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

கைக்குட்டையை வலது கையில் பிடித்து வலது கண்ணைத் துடைத்தேன். உடனே அவர் வலப்பக்கம் விலையை ஏற்றினார். இடது கைக்கு மாற்றி இடது கண்ணைத் துடைத்தேன். இடப்பக்கம் ஏற்றினார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் இரண்டு கண்ணும் போட்டி போட்டுக்கொண்டு ஏலம் கேட்டன. உண்மையில் அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாட்டு முடிந்த அமைதியில் உன் அப்பாவின் குரல் மட்டும், காற்றில் யாரோ நிற்பது போல, வலமும் இடமும் மாறி மாறி விலை சொல்லிக்கொண்டே போனது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நல்ல பொருளுக்கு நல்ல போட்டி வந்துவிட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் நான் செய்தது புரிந்தது. இன்றோடு மானம் போயிற்று, கூடம் சிரிக்கப் போகிறது என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. வலப்பக்கம் பீங்கான் வியாபாரி எழுந்து நின்று கையைத் தூக்கினார். இடப்பக்கம் கடிகாரக் கடைக்காரர் எழுந்தார். பிறகு மறுபடி பீங்கான்காரர். உன் அப்பா சொன்ன விலைக்கெல்லாம் மனிதர்கள் எழுந்து நின்றார்கள். எப்படியோ கைக்குட்டையை மடியில் போட்டேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்றார். சுத்தியல் விழுந்தது.

ஏலம் முடிந்ததும் பீங்கான்காரரிடம் ஓடினேன். தப்பு என்னுடையது, கூடத்து முதலாளியிடம் சொல்லி ரத்து செய்துவிடுகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "அக்கா, ரெண்டு வருஷமா நாங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னுதானே கேக்குறோம். நீங்க பாக்கலையா?" என்றார். பார்த்திருக்கிறேன். நாற்காலிகள் உடைசல், உட்கார முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். உன் அம்மாவின் புத்தி அவ்வளவுதான். கடிகாரக்காரர் சிரித்துக்கொண்டே, பெட்டியை இரண்டு பேரும் பங்கு போட்டு வாங்கியதாகவும், கடையில் வைத்து ஒரு மாதம் பாட்டுக் கேட்டுவிட்டு விற்பதாகவும் சொன்னார். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அவர்தானே போன வருஷம் எங்க தலைக்கு மேல விளக்குப் போட்டாரு? உங்க வீட்டுக்காரருக்கு எங்க கை தெரியணும்னுதான்" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் அப்பா மேல், என் மேல், அந்தச் சத்தியத்தின் மேல். பீங்கான் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது, கடிகாரம் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. அவள் அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று அழுகிறாள். இது என்ன நியாயம்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். நான் அழுததை அவர் பார்த்திருக்கிறார். போட்டி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது, நானும் சொல்லவில்லை. "அது என்ன பாட்டு?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் தனக்குக் கேட்காத ஒன்றைப் பற்றி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் மெல்ல முணுமுணுத்துக் காட்டினேன். அவர் கையை நீட்டி என் தொண்டையில் வைத்துக்கொண்டார், கடிகாரத்தின் மேல் வைப்பாரே, அதே போல. விட்டுப்போன இடங்களில் நானும் நிறுத்தினேன். பிறகு, "பாப்பா குரல் இப்ப எப்படி இருக்கு? மாறிடுச்சா?" என்றார்.



தொலைபேசியில் நீ பேசுவது ஒன்றுகூட அவருக்குக் கேட்டதில்லை கண்ணு. நான் கையில் கொடுக்கும்போது வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் பார்த்து, ஆமாம்மா, ஆமாம்மா, உடம்பப் பாத்துக்கோ என்பார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதே வார்த்தைதான், நீயே யோசித்துப் பார். நீ கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் இல்லை அது. ஒரு முறை நீ வைத்துவிட்ட பிறகும் அவர் வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டியபடி நின்றார். அவள் வைத்துவிட்டாள் என்று சைகை காட்ட எனக்கு மனசு வரவில்லை.

அவரே எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று முறை தொடங்கினார். என்ன எழுதினாலும் அட்டவணையில் பழம்பொருளை விவரிப்பது போல வருகிறது என்று கிழித்துப் போட்டார். நீ எழுதும் கடிதங்களைத் தபால்காரரிடம் வாங்கி வருவது அவர்தான். உறையைத் திருப்பிப் பார்ப்பார், என் பெயர் இருக்கும், மேசையில் வைத்துவிட்டுப் போவார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. படித்துச் சொல் என்று கேட்கும் பழக்கமும் இல்லை. அவர் கண் நன்றாக இருக்கிறது. பொடி எழுத்தைக்கூட கண்ணாடி போடாமல் படிக்கிறார்.

மாதக் கடைசியில் வா. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே என்று எழுதத்தான் நினைத்தேன். வேண்டாம், காட்டிக்கொள். திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். வாசலில் நின்று கூப்பிடாதே, பின்னாலிருந்து வராதே. நேராக முன்னால் வந்து, வெளிச்சத்தில் நின்று பேசு, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

வருவதற்கு முன்னால் ஒரு கடிதம் போடு. இரண்டு வரி போதும். அன்று கேட்டாயே, அதே கேள்வியை எழுதிக் கேள். அது அவர் இன்னும் காணாத கேள்வி.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். உறையின் மேல் மட்டும், இந்த ஒரு தடவை, என் பெயரை எழுதாதே. அப்பா பெயரை எழுது.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா